பூனைக்கு மீயாற்றல்: இளையோர் மிகைபுனைவை மதிப்பிட ஓர் அளவுகோல்

முன்னுரை

மந்திர ஆற்றல் பெற்ற பூனைகள் கூட்டமாக வாழ்ந்து, பகைவரோடு பொருது, தம் நிலத்தைக் காத்துக்கொள்ளும் கதைகள் இன்று உலகெங்கும் இளையோரால் விரும்பிப் படிக்கப்படுகின்றன. எரின் ஹன்ட்டர் என்னும் கூட்டுப் புனைபெயரில் 2003ஆம் ஆண்டு முதல் வெளிவரும் ‘வாரியர்ஸ்’ வரிசை அவற்றுள் பெரிதும் அறியப்பட்டது. இத்தகைய புதினங்களைப் பற்றித் தமிழாய்வுச் சூழலில் இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. இவை மேலைநாட்டு இறக்குமதி, நம் மரபிற்கு அயலானவை என்பது ஒன்று. இவற்றில் கற்றுக்கொள்ள ஏதுமில்லை, ஆதலின் ஆய்வுக்குரிய பொருளாகா என்பது மற்றொன்று. இவ்விரு கருத்துகளும் மறுபரிசீலனைக்கு உரியன.

நீதிநூல்களும் பழமொழிகளும் பாடப்புத்தகங்களும் விலங்கை மனிதப் பண்பிற்கான உருவகமாக மாற்றிவிட்டன. அவ்வாறு மறைந்துபோன விலங்கை இளையோர்க்கு மீட்டுத் தரும் வாய்ப்பு, முரணாகத் தோன்றினும், மிகைபுனைவுக்கே மிகுதியாக உண்டு. அவ்வாய்ப்பு ஒரு படைப்பில் நிறைவேறியதா என அறியும் அளவுகோலைத் தமிழ் மரபிலிருந்தே உருவாக்க இயலும். இதுவே இக்கட்டுரையின் கருத்து. இதனை நிறுவ நீலாஞ்சனா ராய் ஆங்கிலத்தில் எழுதிய ‘தி வைல்டிங்ஸ்’ (2012) என்னும் இந்தியப் புதினத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அதனைத் தமிழ் இலக்கண, இலக்கியச் சான்றுகளோடு வைத்து நோக்குவோம்.

வெருகு: கண்டறிந்த விலங்கு

சங்கப் பாடல்களில் வரும் வெருகு எவர்க்கும் நீதி சொல்வதில்லை. மதுரைக் கண்ணனார் பாடிய குறுந்தொகை 107ஆம் பாடலில், இன்துயில் கலைத்த சேவலைத் தலைவி சினந்து, நள்ளிரவில் வீட்டெலியை நோக்கியிருக்கும் இளவெருகிற்கு நீ இரையாகுக என்கிறாள். ஒக்கூர் மாசாத்தியாரின் 139ஆம் பாடலில், மாலைப்பொழுதில் வேலியோரம் வெருகுகள் வந்தமை அறிந்த பேடைக்கோழி தன் குஞ்சுகளைப் பதறி அழைக்கிறது. அவ்வொலி ஊரார் தூற்றும் அம்பலுக்கு உவமையாகிறது. புறநானூறு 117ஆம் பாடலில் கபிலர், பாரியின் நாட்டு முல்லை அரும்புகளுக்கு இளவெருகின் கூரிய பற்களை ஒப்பிடுகிறார்.

மூன்று பாடல்களிலும் வெருகு ஒரு பொழுதோடும் ஓர் இடத்தோடும் பிணைந்து நிற்கிறது. நள்ளிரவு, மாலை, வேலி, மனை, பல், பார்வை ஆகிய இவை யாவும் நேரிற் கண்டறிந்தோர் தரும் செய்திகள். இவ்விலங்கு நல்லதுமன்று, தீயதுமன்று. அது தன் இயல்பின்படி இருக்கிறது. கவிஞர் அவ்வியல்பைக் கொண்டு மனித உணர்வைச் சுட்டுகிறார்.

தொல்காப்பிய மரபியலும் இதே கவனத்தைக் காட்டுகிறது. கீரியினமான மூங்கா, எலி, அணில் ஆகியவற்றோடு வெருகையும் சேர்த்து, அவற்றின் இளமைக்குக் குட்டி என்னும் பெயர் உரியது என்று வகுக்கிறது. வெருகைப் பூசை என்று வழங்கும் வழக்கையும், அது நிலைபெற்ற வழக்காதலின் விலக்கற்க என்று ஏற்கிறது. மக்கள் வாயில் வழங்கும் சொல்லை இலக்கணி தள்ளிவிடாத இவ்விடம், பின்னர் நாம் பேசவிருக்கும் மொழிநடைச் சிக்கலுக்கும் பயன்படும்.

பூனை: உருவகமாகிப்போன விலங்கு

பிற்கால மரபில் பூனையின் நிலை மாறுகிறது. மாமல்லபுரத்துப் பெரும்பாறைப் புடைப்புச் சிற்பத்தில் பின்னங்கால்களில் நின்று தவம் புரியும் பூனையைச் சுற்றி எலிகள் நிற்கின்றன. அப்பூனை போலித் துறவின் அடையாளமாகப் பொருள் கொள்ளப்படுகிறது. கம்பர் தம் அவையடக்கத்தில் பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூசையாகத் தம்மைக் கூறிக்கொள்கிறார். அங்குப் பூசை தகுதிக்கு மிஞ்சிய ஆசையின் உருவகம். தெனாலிராமன் வளர்த்த பூனை சூடான பாலுக்கு அஞ்சிப் பாலையே வெறுத்தது. அக்கதையில் வெல்வது மனிதனின் சூழ்ச்சி. பூனை வெறும் கருவி. கண்ணை மூடிக்கொண்ட பூனை, மணி கட்டப்படவேண்டிய பூனை, உருத்திராட்சப் பூனை எனப் பேச்சுவழக்கிலும் அது மனிதக் குறைபாடுகளின் பெயராயிற்று.

நவீன காலத்தில் பாரதியாரின் ‘முரசு’ பல நிறக் குட்டிகளை ஈன்ற பூனையைக் கொண்டு மனிதச் சமத்துவத்தை உணர்த்துகிறது. கருத்து உயர்ந்தது; ஆயினும் அங்கும் பூனை எடுத்துக்காட்டாகவே நிற்கிறது. அவரது பாப்பாப் பாட்டில் பசு, நாய், குதிரை, மாடு, ஆடு ஆகியன வருகின்றன. பால் தருவது, மனிதர்க்குத் தோழமை தருவது, வண்டி இழுப்பது, உழுவது என அவற்றின் பயன்களும் வருகின்றன. பூனைக்கு அங்கு இடமில்லை. மனிதனுக்கு அடங்கி வேலை செய்யாத ஓர் உயிரை, பயனை அடிப்படையாகக் கொண்ட பட்டியலில் எங்கே வைப்பது என்பது எளிய வினாவன்று.

இவ்விலக்கியங்களைக் குறைகூறுவது நோக்கமன்று. உருவகம் இலக்கியத்தின் உரிமை. ஆனால் ஒரு குழந்தை பத்து வயதிற்குள் சந்திக்கும் எல்லா விலங்குகளும் பண்புகளின் முகமூடிகளாகவே அமைந்துவிட்டால், தன்னிலிருந்து வேறுபட்ட ஓர் உயிர் இவ்வுலகை எவ்வாறு உணர்கிறது என்னும் வினா அக்குழந்தையின் மனத்தில் எழ வழியில்லாது போகும். தன்னைப் போல் அல்லாத மற்றொருவரை அறிய முயலும் அறத்திற்கு இவ்வினாவே தொடக்கம். இழப்பு அங்குதான் நேர்கிறது.

நிஜாமுதீன் பூனைகள்

நீலாஞ்சனா ராயின் புதினம் தில்லியின் நிஜாமுதீன் பகுதியில் நிகழ்கிறது. பிரபா மல்லையாவின் ஓவியங்களோடு அலெஃப் பதிப்பகம் வெளியிட்ட இந்நூல், 2013இல் சக்தி பட் முதல் நூல் விருதைப் பெற்றது. அதே ஆண்டில் இதன் தொடர்ச்சியும் வெளிவந்தது. இளையோரும் பெரியோரும் ஒருங்கே படிக்கும் வகையில் அமைந்த படைப்பு இது.

இப்புதினத்தின் தெருப்பூனைகள் தம் மீசைமயிர்களின் வழியே ஒன்றோடொன்று இணைந்து, தொலைவிலிருந்தே செய்தி பரிமாறுகின்றன. இவ்வூர்க்கு மாரா என்னும் குட்டி வந்து சேர்கிறது. மனிதர் வீட்டில் வளரும் அக்குட்டிக்கு ஏனைய பூனைகளை விஞ்சிய ஆற்றல் உண்டு. அதன் மனக்குரல் அப்பகுதி முழுவதும் கட்டுப்பாடின்றி ஒலிக்கிறது. அஞ்சிய பூனைக்கூட்டம் அதனைக் கொன்றுவர பெரால் என்னும் வேட்டைப் பூனையை அனுப்புகிறது. கொல்லச் சென்ற பெராலே பின்னர் அதற்கு ஆசிரியையாகிறது. வீட்டை விட்டு வெளியே வர அஞ்சும் மாரா, இருந்த இடத்திலிருந்தே தன் மனத்தைச் செலுத்தித் தில்லி விலங்குக்காட்சிச் சாலையின் புலிகளோடு நட்புக் கொள்கிறது. மறுபுறம், அடைபட்ட ஒரு பழைய வீட்டிற்குள்ளேயே வாழ்ந்து வெளியுலகை அறியாத கொடிய பூனைகள் உள்ளன. அவற்றின் தலைமைப் பூனையின் பெயர் டதூரா, அதாவது ஊமத்தை. அவ்வீடு திறக்கும் நாளில் போர் மூள்கிறது.

இங்கு மூன்று கூறுகள் கருதத்தக்கன. முதலாவது, மீயாற்றல் விலங்கின் உண்மையான உடலிலிருந்து எழுகிறது. பூனைக்கு மீசைமயிர் தொடுவுணர்வின் நுண்ணிய கருவி. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியையே கேட்கும். பூனையின் செவியோ 60,000 ஹெர்ட்ஸுக்கும் மேற்பட்ட ஒலியை உணரும். நம் செவிக்கு எட்டாத ஓர் உரையாடல் நம் தெருவில் நடக்கிறது என்பது பாதி உண்மை. புதினம் மறுபாதியைப் புனைகிறது. இரண்டாவது, அவ்வாற்றலுக்கு எல்லை உண்டு. புலிகளோடு பேசவல்ல மாராவால் வாயிற்படியைத் தாண்ட இயலவில்லை. மூன்றாவது, ஆற்றலுக்கு விலை உண்டு. அதன் பொருட்டே மாரா உயிரிழக்க நேர்ந்திருக்கும். இறுதி வெற்றியும் பேரிழப்புடனேயே கிட்டுகிறது.

இயல்பு, எல்லை, விலை என்னும் இம்மூன்றையும் இளையோர் மிகைபுனைவை மதிப்பிடும் அளவுகோலாக முன்வைக்கிறேன். நீதி உண்டா என்னும் வினாவைவிட இம்மூன்றும் கூர்மையானவை. இயல்பைப் பேணாத புனைவில் பூனை, பூனைத்தோல் போர்த்திய சிறுவனாகிவிடும். எல்லையில்லாத ஆற்றல் கதையின் சிக்கலைப் பொருளற்றதாக்கும். விலையில்லாத வெற்றி படிப்பவருக்கு எதனையும் உணர்த்தாது.

பொய்ம்மொழிக்கு இலக்கணம்

இவ்வளவுகோல் அயலானதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் உரைநடையை நால்வகையாகப் பகுக்கும்போது, நிகழ்பொருளோடு பொருந்தாத பொய்ம்மொழியை ஒரு வகையாகவே எண்ணுகிறது. பேராசிரியர் தம் உரையில் இதனை விளக்க, ஒரு யானையும் ஒரு குருவியும் நட்புக்கொண்டு ஓரிடம் சென்று இன்னது செய்தன என்பது போன்ற கதைகளைச் சுட்டுகிறார். அவற்றின் இயற்கைக்கு ஒவ்வாத பொருள்படத் தொடர்ந்து செல்வன என்றும், ஒருவரிடமிருந்து ஒருவர் கற்று வழிவழியாக வருவன என்றும் கூறுகிறார். அடுத்து வரும் நூற்பாக்கள், செவிலிக்கு உரிய உரை ஒன்று, எவர்க்கும் விலக்கப்படாத உரை ஒன்று என்று பிரிக்கின்றன. கதைசொல்லும் செவிலியை இலக்கணம் மறக்கவில்லை என்பதே இங்கு நாம் கொள்ளத்தக்கது. அஃறிணைப் பொருள்கள் கேட்பன போலவும் பேசுவன போலவும் கூறப்படும் என்பதனை நன்னூலும் வழுவாகக் கருதாமல் அமைத்துக்கொள்கிறது.

பேராசிரியர் இன்றைய புதினத்தை மனத்திற்கொண்டு எழுதினார் எனக் கூறின் அது காலமுரண். விலங்குகள் நட்புக்கொண்டு செயல்படும் கதையை உரைநடையின் தனிவகையாக ஏற்று, அதற்குப் பெயரும் இடமும் தந்த மரபு நம்முடையது என்பது மட்டுமே இச்சான்றின் பயன். அம்மரபின் வாரிசுகளாகிய நாம் மிகைபுனைவை ஆய்வுக்குப் புறம்பானதாகக் கருதுவதற்கு இலக்கணத்தில் இடமில்லை.

மதுரையின் வலியான்

மதுரைக்கு மிகைபுனைவு புதிதன்று. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் கல்லால் ஆன யானை கரும்பு தின்கிறது, நரி பரியாகிறது, பன்றிக்குட்டிகள் அமைச்சர்களாகின்றன, நாரை முத்தி பெறுகிறது. இவற்றுள் நம் பொருளுக்கு மிக நெருங்கியது கரிக்குருவிக்கு உபதேசம் செய்த படலம். பிற பறவைகளால் துன்புற்ற எளிய கரிக்குருவி மதுரைக்கு வந்து வழிபட்டு, இறைவனிடம் மந்திர உபதேசம் பெறுகிறது. தனக்கு மட்டுமன்றித் தன் இனம் முழுமைக்கும் அவ்வலிமை வேண்டும் எனக் கேட்டுப் பெற்று, வலியான் என்னும் பெயரையும் அடைகிறது.

கரிச்சான் என்று நாம் வழங்கும் இப்பறவை, தன்னைவிடப் பன்மடங்கு பெரிய காகத்தையும் பருந்தையும் துணிந்து துரத்துவதை வயல்வெளியிலும் மின்கம்பியோரத்திலும் எவரும் காணலாம். கண்ணாற் கண்ட அவ்வியல்பே இக்கதைக்கு அடிப்படை எனக் கருத இடமுண்டு. சிறு பறவைக்கு இத்தனைத் துணிவு எங்கிருந்து வந்தது என்னும் வியப்பிற்குப் புராணம் ஒரு விடை தருகிறது. ஆற்றல் இங்கு அருளால் வருகிறது. நிஜாமுதீன் பூனைகளுக்கோ உடலிலிருந்தே எழுகிறது. சமயப் பனுவலுக்கும் தற்காலப் புதினத்திற்கும் உள்ள இவ்வேறுபாட்டை அழித்துவிடக் கூடாது. எனினும் இரண்டும் உற்றுநோக்கலில் வேர்கொண்டு மிகைபுனைவாக வளர்பவை. இயல்பு என்னும் முதல் அளவுகோல் மதுரை மண்ணிலேயே கிடைக்கிறது.

நகரத்தின் இரவும் நமக்குப் புதிதன்று. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி இந்நகரத்தின் இரவை யாமம் யாமமாகப் பகுத்துக் காட்டுகிறது. கடைகள் அடைபடுவதும் கள்வர் உலவுவதும் காவலர் விழித்திருப்பதும் பேய்கள் திரிவதும் அங்கு உள்ளன. சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகளும் அவற்றை இணைக்கும் சந்துகளும் கொண்ட இந்நகரில் இரவை முழுதும் அறிந்த உயிர் பூனையே. கல்லில் வடித்த சிங்கத்தால் பெயர்பெற்ற சிம்மக்கல்லும் இங்கே உள்ளது. சிங்கமும் பூனைக் குடும்பத்தைச் சேர்ந்ததே. நிஜாமுதீனுக்கு வாய்த்த புதினம் மாசி வீதிகளுக்கும் வாய்க்கத் தேவையான பொருள் யாவும் நம்மிடம் உள்ளன.

தமிழ்ச் சிறார் புனைவின் இன்றைய நிலை

தமிழில் இவ்வகை எழுத்துக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. 1947 சூலையில் தொடங்கிய அம்புலிமாமா மாயத் தொடர்கதைகளைத் தமிழ்ச் சிறார்க்குத் தொடர்ந்து அளித்தது. வாண்டுமாமா என்னும் வி. கிருஷ்ணமூர்த்தி (1925–2014) கோகுலம், பூந்தளிர் ஆகிய இதழ்களின் வழியே சாகசக் கதைகளுக்கென ஒரு தலைமுறை வாசகரை உருவாக்கினார். சாகித்திய அகாதெமி 2010 முதல் வழங்கிவரும் பால சாகித்திய விருதின் தமிழ்ப் பட்டியலிலும் மிகைபுனைவுக் கூறுகள் கொண்ட நூல்கள் உள்ளன. 2020இல் விருது பெற்ற யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ பேசும் பொம்மையைக் கொண்டு குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைப் பேசுகிறது. 2023இல் விருது பெற்ற உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ மதுரைக்கு அண்மையிலுள்ள கீழடியின் தொன்மைக் காலத்திற்கு இளம் வாசகரை அழைத்துச் செல்கிறது.

இவ்விரண்டும் தேவையான நூல்கள், துணிவோடு எழுதப்பட்டவை. ஆயினும் இவற்றில் மாயம் ஒரு செய்தியைச் சேர்ப்பிக்கும் ஊர்தியாகச் செயல்படுகிறது. செய்தி சேர்ந்ததும் ஊர்தியின் பணி முடிகிறது. அத்தகைய நூல்களோடு, மாயம் தனக்கென விதிகளும் வரலாறும் கொண்ட ஓர் உலகாக விரியும் நெடும்புனைவும் பன்னிரண்டு முதல் பதினாறு வயது வரையிலான வாசகருக்குத் தேவை. அவ்வயதில் நீதிக்கதை சலித்துவிடுகிறது. பெரியோர் புதினம் இன்னும் எட்டவில்லை. இடைப்பட்ட அவ்வாண்டுகளில் தமிழில் படிக்க ஏதும் கிட்டாத மாணவர், ஆங்கிலம் அறிந்தவராயின் ஆங்கில வரிசைகளுக்குச் செல்கின்றனர்; அறியாதவராயின் வாசிப்பையே கைவிடுகின்றனர். பின்னாளில் அவர்கள் தமிழ்ப் புதினத்திடம் திரும்பி வருவர் என்பதற்கு எவ்வுறுதியும் இல்லை.

மதுரை நூலகங்களுக்குக் குறைவற்ற நகரம். சிம்மக்கல்லில் மாவட்ட மைய நூலகம் உள்ளது. 2023 சூலை 15 அன்று கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. கட்டடமும் இருக்கைகளும் அமைந்துவிட்டன. அங்கு வரும் எட்டாம் வகுப்பு மாணவி கையிலெடுத்தால் கீழே வைக்க மனம் வராத முந்நூறு பக்கத் தமிழ்ப் புதினங்கள் எத்தனை என்பதே நம் முன் உள்ள வினா.

திணையும் நடையும்

பூனைகள் எத்தமிழில் பேசும் என்பது படைப்பாளர் உடனே எதிர்கொள்ளும் சிக்கல். ராயின் பூனைகள் மனிதரைப் ‘பிக்ஃபீட்’, அதாவது பெருங்காலர் என அழைக்கின்றன. இத்தகைய சொல்லாக்கத்திற்குத் தமிழில் வளம் மிகுதி. வெருகு, பூசை, பூஞை, இற்புலி எனப் பூனைக்கு வழங்கிய பெயர்கள் நம் நூல்களிலும் நிகண்டுகளிலும் உறங்குகின்றன. வீட்டுப்புலி எனப் பொருள்படும் இற்புலி என்னும் ஒரு சொல்லே ஒரு கதைக்குப் போதுமானது. பூனைகள் மதுரைப் பேச்சுவழக்கில் உரையாடினால் நடை சிதையும் என அஞ்சுவோர், வெருகைப் பூசை என்னும் வழக்கை ஏற்றுக்கொண்ட மரபியல் நூற்பாவை நினைத்தல் நன்று.

இதனினும் நுட்பமானது திணைச் சிக்கல். சிந்திக்கும் பூனையைத் தமிழ்ப் புதினம் அது என்று சொல்லுமா, அவள் என்று சொல்லுமா? இக்கட்டுரை மேலே மாராவை அஃறிணையாகவே சுட்டியது. கதையைப் பூனைகளின் பக்கம் நின்று சொல்பவர்க்கு அத்தேர்வு ஒத்துவருமா என்பது ஐயம். உவப்பு, உயர்வு முதலிய காரணங்களால் திணை மயங்கி வருதலை இலக்கணம் வழுவமைதியாக ஏற்கிறது. இதனைப் புனைவு உத்தியாகவே ஆளலாம். பூனைகள் தமக்குள் பேசும்போது உயர்திணையும், மனிதர் அவற்றைப் பற்றிப் பேசும்போது அஃறிணையும் வருமாயின், ஓர் உயிரை ஒருவர் எவ்வாறு காண்கிறார் என்பது வினைமுற்றின் விகுதியிலேயே புலப்பட்டுவிடும். வினைமுற்றில் திணை காட்டாத ஆங்கிலத்திற்கு இவ்வாய்ப்பு இல்லை. மொழிபெயர்ப்பாளரும் படைப்பாளரும் திறனாய்வாளரும் கூடிச் சிந்திக்க வேண்டிய களம் இது.

முடிவுரை

தமிழ்த்துறைகளில் சிறார் இலக்கிய ஆய்வு பெரும்பாலும் அறக்கருத்துகளைத் தொகுத்து வகைப்படுத்துவதோடு நின்றுவிடுகிறது. திறனாய்வு எதனைக் கேட்கிறதோ அதனையே பரிந்துரைப்போரும் தெரிவு செய்வோரும் கேட்பர். பதிப்பகங்கள் அதனையே அச்சிடும். நீதி எங்கே என்று மட்டும் நாம் கேட்டுக்கொண்டிருப்பின், நீதி மட்டுமே எழுதப்படும். ஆகவே ஆய்வாளரின் வினா மாறுவது வகுப்பறைக்குள் அடங்கும் செய்தியன்று.

மூன்று பணிகள் உடனடித் தேவை. சிறார் இலக்கியம், இளையோர் இலக்கியம் என்னும் இரண்டையும் வாசகரின் வயதும் கதையின் விரிவும் கொண்டு தனித்தனியே வரையறுத்து, முதுகலைப் பாடத்திட்டத்தில் இளையோர் புனைவுக்கு ஓர் அலகேனும் அளித்தல் வேண்டும். அம்புலிமாமா, கோகுலம், பூந்தளிர் முதலிய இதழ்களில் வந்த மாய, சாகசத் தொடர்களுக்கு முழுமையான அடைவு உருவாக்குதல் வேண்டும். தனியார் சேமிப்புகளில் நைந்துவரும் அவ்விதழ்கள் நெடுங்காலம் காத்திரா. இயல்பு, எல்லை, விலை என்னும் அளவுகோலைத் தனித்தனிப் படைப்புகளின் மீது பொருத்திப் பார்த்து, அது பொருந்தாத இடங்களையும் எடுத்துக்காட்டி அதனைத் திருத்துதல் வேண்டும்.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வேலியோரம் வந்து நின்ற வெருகைக் கவிஞர் கண்ணிமையாது நோக்கினர். பூனைக்கு மீயாற்றல் அளித்துக் கதை எழுத முனையும் இன்றைய எழுத்தாளர் முதலில் கற்க வேண்டியது அந்த நோக்கலே. அவ்வாறு எழுதப்படும் புதினத்தை அயலானது என்று ஒதுக்காமல், அதற்குரிய அளவுகோலோடு படிக்க ஆய்வுலகம் அணியமாக இருத்தல் வேண்டும்.